திரும்பி வந்தவர்கள் சொல்வது

திருச்சி மாவட்டத்து வையம்பட்டிப் பக்கம் வெயில் ஏறிய நேரத்தில் சில நாள் வானம் வெடித்தது போல ஒரு சத்தம் கேட்கும். ஜன்னல் கண்ணாடி அதிரும். அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசும். கட்டுத்தறியில் நிற்கிற மாடு ஒருமுறை எம்பிக் கயிற்றை இழுக்கும். வாசலுக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தால் மேலே ஒன்றும் இருக்காது, வெளுத்த நீலம்தான். மணப்பாறை, திண்டுக்கல், கரூர் வட்டாரங்களில் இப்படிச் சத்தம் கேட்கிறபோதெல்லாம் நிலநடுக்கமோ, குவாரியில் வைத்த வெடியோ என்று ஊர் பேசிக்கொள்ளும். போர் விமானத்தின் சத்தம் என்றால் நடப்பது இதுதான்: விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போகிறபோது வழிவிட நேரமில்லாமல் நெரிபட்ட காற்று அலையாகத் திரண்டு தரையில் வந்து மோதுகிறது. அது கீழே வந்து சேர்வதற்குள் விமானம் பல கிலோமீட்டர் தாண்டிப் போயிருக்கும். தெருவே வானத்தைத் தேடுகிற அந்த நேரத்தில் தலையைத் தூக்காத ஒருவர் திண்ணையில் இருந்தால், அவர் அநேகமாக விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். “அது போயாச்சு” என்று மட்டும் சொல்வார்.

அவரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினக் கொடியேற்றத்துக்குக் கூப்பிட்டால் தலைமையாசிரியர் கேட்பார். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது சம்பந்தி வீட்டுக்காரர் கேட்பார். சர்வீஸில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த நினைவு எது? கேட்பவர் மரியாதையோடுதான் கேட்கிறார். பதிலும் சட்டென்று வந்துவிடும். ஆனால் அந்தக் கேள்வியில் ஏதோ ஒன்று நெருடிக்கொண்டே இருக்கிறது. ஆயுதத்தோடு இருபது வருஷம் வாழ்ந்தவரிடம் ‘பிடித்தது’ எது என்று கேட்கும்போது உண்மையில் எதைக் கேட்கிறோம்? அவர் எடுத்துச் சொல்லும் சிறு சம்பவத்துக்குப் பின்னால் எடுக்காமல் விட்டவை எத்தனை? அவை எங்கே இருக்கின்றன?

பதில்கள் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களாகவே இருக்கும். லீவு முடிந்து போகிறபோது டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்த மணப்பாறை முறுக்கு டின். அதை நாள்கணக்கான ரயிலுக்குப் பிறகு அஸ்ஸாமில் ஒரு பேரக்ஸில் திறந்ததும் பஞ்சாபிக்காரரும் மலையாளியும் ஒரியாக்காரரும் கைநீட்டியது. முதன்முதலாக ஏஎன்-32 விமானத்தின் வயிற்றுக்குள், பக்கவாட்டு வார் இருக்கையில், மூட்டைகளோடு மூட்டையாக உட்கார்ந்து போனது. ஜோத்பூரில் மே மாதத்து மத்தியானம் விமானத்தில் சாத்திய ஏணியை வெறுங்கையால் பிடித்து உள்ளங்கை பொத்துப்போனது. மூவாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற லே விமானதளத்தில் விடிகாலையில் இரும்பைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது. போரைப் பற்றி ஒரு வரி வராது. கேட்டவருக்குச் சின்ன ஏமாற்றம்கூட இருக்கும். சொன்னவருக்கு இல்லை.

ஊரில் ஏர்ஃபோர்ஸ் என்றால் பைலட் என்றுதான் நினைப்பார்கள். மானாவாரி நிலத்தை நம்பியிருக்கிற இந்தப் பக்கத்திலிருந்து விமானப்படைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஏர்மேன்கள். பிளஸ் டூ முடித்து, தாம்பரத்தில் தேர்வெழுதி, பெல்காம் பக்கத்தில் சாம்ப்ராவிலோ பெங்களூரு ஜாலஹள்ளியிலோ பயிற்சி எடுத்து, எஞ்சின், ஏர்ஃப்ரேம், எலக்ட்ரிகல், ரேடியோ, ஆர்மமென்ட் என்று ஒரு டிரேடில் சேர்ந்து, கார்ப்பொரல், சார்ஜென்ட், ஜூனியர் வாரன்ட் ஆபீசர் என்று படிப்படியாக ஏறியவர்கள். “மாமா, நீங்க பிளேன் ஓட்டியிருக்கீங்களா?” என்று தெருப்பையன் கேட்டால், “ஓட்டுனதில்ல தம்பி, ஓட வச்சிருக்கேன்” என்பார்கள். பறக்கும் வாழ்க்கையின் நினைவுகள் என்று புத்தகங்களில் வருவதெல்லாம் மேலேயிருந்து பார்த்தவை: மேகத்தின் முதுகு, ஆறு வெள்ளிக் கம்பியாகக் கிடப்பது, வட்டத் தொடுவானம். கீழே நின்றவர்களின் பறத்தல் வேறு மாதிரியானது. அதை எழுதியவர்கள் மிகக் குறைவு.

அந்தப் பறத்தல் விடிவதற்கு முன்பே, குனிந்த தலையோடு தொடங்கும். முதல் விமானம் கிளம்புவதற்கு முன் ஆட்கள் வரிசையாக நின்று, ஓடுபாதையையும் விமானம் நிற்கும் தளத்தையும் நடந்தே பார்த்துக்கொண்டு போவார்கள். கண் தரையிலேயே இருக்கும். ஒரு கூழாங்கல், ஒரு ஸ்க்ரூ, ஒரு கம்பித் துண்டு, காய்ந்துபோன தார்க்கட்டி, எது கண்ணில் பட்டாலும் எடுத்துப் பைக்குள் போட வேண்டும். ஜெட் எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற வேகத்தில் கீழே கிடக்கும் ஆணியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு ஆணி போதும், உள்ளே சுழலும் தகடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு எஞ்சினே போய்விடும். இதே காரணத்துக்காகத்தான் வேலை முடிந்ததும் டூல் பெட்டியில் ஸ்பேனர்களை எண்ணுவதும். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே வெட்டிய பள்ளம் இருக்கும். ஒரு பள்ளம் காலியாக இருந்தால், அது கிடைக்கிற வரைக்கும் அந்த விமானம் நகராது. நள்ளிரவானாலும் தேடியாக வேண்டும்.

பிறகு கையெழுத்து. விமானத்துக்கென்று ஒரு பதிவேடு உண்டு, எஃப்-700 என்பார்கள். எஞ்சின் பார்த்தவர், மின்சாரம் பார்த்தவர், ஆயுதம் ஏற்றியவர் என்று ஒவ்வொருவரும் தன் வேலைக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். எல்லாருக்கும் கடைசியில் பைலட் வந்து, விமானத்தை நல்ல நிலையில் ஏற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் ஏணியில் கால் வைப்பார். தரையில் நிற்கும்போது தவறிப்போய் எதுவும் இயங்கிவிடாமல் செருகியிருக்கும் பாதுகாப்புப் பின்கள், அவற்றின் நுனியில் ஆடும் சிவப்புத் துணிப்பட்டைகள், இவற்றையெல்லாம் உருவி, ஒரு கொத்தாகக் கையில் பிடித்து, காக்பிட்டில் இருப்பவர் பார்க்கும்படி உயர்த்திக் காட்ட வேண்டும். அவர் எண்ணித் தலையசைப்பார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த சாக் கட்டைகளை இழுத்ததும் விமானம் நகரும். அந்தச் சிவப்புக் கொத்து மட்டும் கீழே நிற்பவர் கையிலேயே இருக்கும். விமானம் திரும்பி வந்து, எஞ்சின் அடங்கி, அந்தப் பின்களை மறுபடி அதே துளைகளில் செருகும் வரைக்கும் அவருக்கு வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. வந்து இறங்கிய பைலட், ஸ்நாக், அதாவது கோளாறு, ஒன்றுமில்லை என்று எழுதுவார். கீழே நின்றவரின் பிடித்த நினைவைத் துருவிக் கேட்டால் பல நேரம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: போனது திரும்பி வந்தது. இதைக் கதையாகச் சொல்லத் தெரியாமல்தான் முறுக்கு டின்னைப் பற்றிச் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

திருச்சிக்காரர்கள் பெருமையோடு சொல்லும் இரண்டு பெயர்கள் இந்த இடத்தில் நினைவுக்கு வருகின்றன. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டுக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனவர்கள். அங்கே பாடம் நடத்துவதற்காகச் சேவையிலிருந்து விலக்கிய இரண்டு விமானங்களை நிறுத்தியிருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாகக் கலாம் எழுதியிருக்கிறார். விமானப்படையில் பைலட் ஆவதற்காக டேராடூனுக்குத் தேர்வுக்குப் போனார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்தது எட்டுப் பேரை. மனம் உடைந்து அங்கிருந்து ரிஷிகேசத்துக்குப் போன கதை தமிழ்நாட்டில் பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது அதற்குப் பிறகு வந்த ஒரு காலைப்பொழுது. 2006 ஜூன் 8 அன்று, குடியரசுத் தலைவராக, 74 வயதில், புனே லோஹேகாவ் தளத்திலிருந்து சுகோய்-30 விமானத்தில் ஏறி அரை மணி நேரத்துக்கும் மேல் பறந்தார். முன்னிருக்கையில் விமானப்படை விமானி. பின்னிருக்கையில் ஒன்பதாவதாக வந்தவர். ஏறத்தாழ ஐம்பது வருஷம் ஒரு ஆசை கெட்டுப்போகாமல் கிடக்குமா என்று யோசித்தால் வியப்பாக இருக்கிறது. அவர் பறந்த அந்த அரை மணி நேரம் பெரிதா, பறக்க முடியாத அந்த ஐம்பது வருஷம் பெரிதா என்று முடிவுசெய்ய முடியவில்லை.

சுஜாதாவின் வழி இன்னும் வேறு. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துக்குப் போவதற்கு முன்பு அவர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி. மேலே இருப்பவர்களுக்குக் கீழேயிருந்து வழி சொல்லும் வேலை. அப்படி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், தன் நினைவென்று எழுத உட்கார்ந்தபோது எழுதியது ஸ்ரீரங்கத்துத் தெருக்களை, பாட்டி வீட்டை, அங்கே பந்தடித்த பையன்களை. ஊரைவிட்டு வெகுதூரம் போன பிறகு மனசு தேர்ந்தெடுத்துக்கொள்வது போன இடத்தை அல்ல என்பதற்கு ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ சாட்சி. டிரங்குப் பெட்டியில் முறுக்கு வைத்துப் போனவர்களும் அதே சாட்சியைத்தான் சொல்கிறார்கள்.

சண்டையே இல்லாத நினைவுகளாகப் பொறுக்கி எடுக்கிறார்கள் என்றால், சண்டையில் நேருக்கு நேர் நின்றவர்கள்? 1971 நவம்பர் 22 பிற்பகல், இந்திய-பாகிஸ்தான் போர் முறைப்படி தொடங்குவதற்குப் பதினோரு நாள் முன்பு, கல்கத்தா டம்டம் தளத்திலிருந்து நான்கு நேட் விமானங்கள் கிளம்பின. நேட் கையடக்கமான விமானம். பெரிய போர் விமானங்களுக்கு நடுவில் நின்றால் குழந்தை மாதிரி இருக்கும். போய்ரா என்ற இடத்துக்கு மேலே பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு மோதல். சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. மாஸி, கணபதி, சோரெஸ், லாசரஸ் ஆகிய நால்வரும் திரும்பினார்கள். பாகிஸ்தான் விமானிகளில் இருவர் பாராசூட்டில் குதித்து இந்தியத் தரைப்படையிடம் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் ஃப்ளைட் லெப்டினன்ட் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. கோபத்தில் அவரை அடிக்கப் போன சிப்பாய்களைத் தடுத்து நிறுத்தியவர், பிற்காலத்தில் லெப்டினன்ட் ஜெனரலாக உயர்ந்த எச்.எஸ். பனாக், அப்போது இளம் கேப்டன்.

அந்த மெஹ்தி 1997-இல் பாகிஸ்தான் விமானப்படையின் தலைமைத் தளபதி ஆனார். போய்ராவில் அன்று பறந்த டொனால்ட் லாசரஸ், குரூப் கேப்டனாக உயர்ந்து பின்னால் குன்னூரில் குடியேறியவர், அவருக்கு ஒரு வாழ்த்துக் கடிதம் எழுதினார். முன்பொரு முறை வானத்தில் நாம் சந்தித்திருக்கிறோம் என்பதையும் அதில் குறிப்பிட்டார். பதில் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வந்தது. நன்றியும், அன்று இந்திய விமானிகள் போரிட்ட விதத்துக்குப் பாராட்டும். இந்தச் சம்பவத்தைக் கேட்கிறவர்களுக்கு மனதில் தங்குவது சேபர் வெடித்தது அல்ல, கடிதம்தான். ஆனால் அங்கேயே நிம்மதியாக உட்கார்ந்துவிடவும் முடியவில்லை. குதித்தவரின் பாராசூட் விரியாமல் போயிருந்தால்? சிப்பாய்களைத் தடுக்க அந்தக் கேப்டன் அங்கே இல்லாமல் போயிருந்தால்? எழுத ஒரு விலாசமே இருந்திருக்காது. இரண்டு பக்கமும் ஆள் உயிரோடு இருந்ததால்தான் அந்த நினைவு, நினைவுகூரத் தக்க ஒன்றாக ஆயிற்று.

‘பிடித்த நினைவு’ என்ற சொல்லின் நெருடல் இங்கேதான் வெளியே தெரிகிறது. திரும்பி வந்தவர்கள்தான் அதைச் சொல்ல முடியும்.

திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் போனவர்கள் அந்த மணிக்கூண்டைப் பார்த்திருப்பார்கள். நின்று படித்தவர்கள் குறைவு. முதல் உலகப்போரின் நினைவாக எழுந்தது. இங்கிருந்து 302 பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் 41 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதன் கல் சொல்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை. வெங்காய மூட்டை இறக்குகிறவர்களின் கூப்பாட்டுக்கு நடுவே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் 261 என்று வரும். அத்தனை பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். தமிழைத் தவிர வேறு மொழி தெரியாமல் கப்பலேறிய ஒருவர் திரும்பி வந்து என்ன சொல்லியிருப்பார்? அவரிடமும் யாராவது கேட்டிருப்பார்கள். அவரும் ஒரு சாப்பாட்டையோ, குளிரையோ, கூட இருந்த ஒருவரின் சிரிப்பையோ சொல்லியிருப்பார். அந்த 261 பேர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நம் கைக்கு வரவில்லை. 41 பேருக்குக் கல்லாவது இருக்கிறது.

அதே ஊரில், கண்டோன்மென்ட்டில், மேஜர் மாரியப்பன் சரவணனுக்கு நினைவிடம் இருக்கிறது. பீகார் படைப்பிரிவின் முதல் பட்டாலியனைச் சேர்ந்தவர். 1999 மே 29 அன்று கார்கில் போரில், படாலிக் மலைமுகட்டில் உயிரிழந்தார். உடலை மீட்டுக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வீர் சக்ரா விருது அவருடைய இறப்புக்குப் பின் வந்தது. அவர் இறந்ததற்கு முந்தைய நாள்தான், மே 28 அன்று, தோலோலிங் மலைப் பக்கம் விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்றை ஏவுகணை வீழ்த்தியது. உள்ளே நான்கு பேர். ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டிர். ஃப்ளைட் லெப்டினன்ட் முகிலன். மற்ற இருவரும் சார்ஜென்ட்கள், பிரசாத், சாஹு. செய்தித்தாளில் விமானிகளின் பெயரைப் படித்த கண்கள் அந்த இரண்டு சார்ஜென்ட்களின் பெயர்கள் வரைக்கும் போயினவா என்று தெரியவில்லை. கீழே நிற்பவர்கள் என்று நாம் நினைக்கும் ஆட்கள் மேலேயும் போகிறார்கள். போன இடத்திலேயே முடிந்தும்விடுகிறார்கள். முகிலன் என்ற பெயரை அந்த மலைகளில் இறந்தவர்களின் பட்டியலில் முதல்முறை படிக்கும் தமிழருக்கு ஒரு நிமிஷம் மூச்சு நிற்கும். மேகத்தின் பெயரை வைத்து வளர்த்தவர்கள் அந்த மே மாதத்துக்குப் பிறகு வானத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள்?

முடிவும் தெரியாமல் கையிலேயே நின்றுவிட்ட சிவப்புப் பின்களும் உண்டு. 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலுக்கு மேலே காணாமல் போனது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின, ஒன்றும் அகப்படவில்லை. அதில் இருந்தவர்கள் எல்லோரும் இறந்ததாகக் கருதப்படும் என்று குடும்பங்களுக்குக் கடிதம் போனது. ‘கருதப்படும்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வீடு எப்படித் திவசம் கொடுக்கும்? ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில், கரையிலிருந்து சுமார் 140 கடல்மைல் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில், உடைந்த பாகங்கள் தெரிந்தன. அவை அந்த ஏஎன்-32 விமானத்தின் பாகங்களோடு ஒத்துப்போகின்றன என்று அறிவித்தார்கள். அந்த விமானத்தை அன்று காலை தயார்செய்து அனுப்பியவர்களும் இந்தச் செய்தியைப் படித்திருப்பார்கள். அவர்களில் சிலர் இந்நேரம் ஓய்வுபெற்று எங்காவது ஒரு ஊரில் இருப்பார்கள். அவர்களிடமும் கல்யாண வீட்டில் யாராவது அதே கேள்வியைக் கேட்பார்கள். அவர்களும் முறுக்கு டின்னைப் பற்றித்தான் சொல்வார்கள். சொல்லட்டும். அதற்குமேல் அவர்களைத் துருவ நமக்கு உரிமையில்லை.

இனி கீழே நிற்கப் போகிறவர்களின் கதை வேறு. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்துக்குப் பிறகு படைகளில் அதிகாரி அல்லாதவர்களைப் பெரும்பாலும் நான்கு வருஷத்துக்குத்தான் எடுக்கிறார்கள். நால்வரில் ஒருவர் வரை தொடரலாம். சரியா தவறா என்பது வேறு பேச்சு. இருபது வருஷம் ஒரே வகை விமானத்தோடு வாழ்ந்து, எஞ்சினின் இருமலை வைத்தே நோய் சொல்லும் காது, நான்கு வருஷத்தில் ஒருவருக்கு வாய்க்குமா என்பதுதான் இங்கே கவலை.

கீழே நின்று காத்திருப்பது என்றால் என்ன என்பது திருச்சிக்காரர்களுக்கு ஒரே ஒரு மாலையில் புரிந்தது. 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். லேத் பட்டறைகளில் ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து முடித்திருந்த நேரம். மாலை 5.40-க்குத் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய பயணிகள் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. அந்த வகை போயிங் விமானம் எரிபொருளை வானத்தில் கொட்டிவிட முடியாத அமைப்புக் கொண்டது. எரித்துத் தீர்த்து எடையைக் குறைத்தால்தான் பத்திரமாக இறங்கலாம். அதனால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் திருச்சி, புதுக்கோட்டை வானில் சுற்றிக்கொண்டே இருந்தது. மொட்டைமாடிகளில் ஆட்கள் கூடினார்கள். வளைகுடாவில் மகனோ கணவனோ இருக்கிற வீடுகள் நிறைந்த பகுதி இது. அந்தச் சின்ன விளக்கு ஒவ்வொரு முறை வட்டம் போட்டு வரும்போதும் வேண்டாத தெய்வமில்லை. ஓடுபாதையோரம் தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் நின்றன. 8.15 வாக்கில் சக்கரங்கள் தரை தொட்டன. 140-க்கு மேற்பட்டவர்கள், ஒருவருக்கும் காயமில்லை. அடுத்த சில நிமிஷம் இந்த மாவட்டம் முழுக்க விட்ட மூச்சு, ஹேங்கர் வாசலில் நின்றவர்கள் ஒவ்வொரு நாளும் விட்ட மூச்சுதான்.

வையம்பட்டி ரயில் நிலையத்துப் பக்கம் விடிகாலையில் நடக்கப் போகிறவர்களைப் பார்த்தால் யார் படையில் இருந்தவர் என்று சொல்லிவிடலாம். முதுகு நேராக இருக்கும், கேன்வாஸ் ஷூ வெளுத்துச் சுத்தமாக இருக்கும். தரைப்படைக்காரர் எதிரே பார்த்து நடப்பார். விமானதளத்தில் இருந்தவர் நிமிர்ந்த முதுகோடேயே கண்ணை மட்டும் பாதையில் வைத்திருப்பார். ரோட்டில் ஒரு ஆணியோ கம்பித் துண்டோ கிடந்தால் நின்று, குனிந்து, எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். வீட்டு ஜன்னல் விளிம்பில் அதற்கென்று ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும்.